பல் இடுக்கில் ஒரு கோட்டை!

குழந்தைகளே, நாளைக் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாக்கு நுனியால் கடைவாய்ப் பற்களை மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேலே ஏதோ பூசி வைத்ததுபோல் கொழகொழவென்று இருக்கும். பல் தேய்த்துவிட்டு மறுபடியும் தடவிப் பாருங்கள். கழுவிய கண்ணாடி டம்ளர்போல் சுத்தமாக இருக்கும். அப்படியானால் முதலில் இருந்த அந்தப் பூச்சு என்ன?

ராத்திரி சாப்பிட்ட சோறுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பீர்கள். சோற்றுத் துணுக்கு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்தப் பூச்சில் பெரும்பகுதி உயிருள்ளது! லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. முதன்முதலில் அதைச் சுரண்டி எடுத்துப் பார்த்து, அதற்குள் இருந்த கூட்டத்தைக் கண்டு வாய் பிளந்தவர் பெரிய பேராசிரியர் அல்ல. துணிக்கடை வைத்திருந்தவர்! கல்லூரி வாசலை மிதிக்காதவர்.

அவர் பெயர் ஆண்டனி வான் லீவன்ஹூக். சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறதா? டச்சு மொழியில் 'லீவன்ஹூக்' என்றால் 'சிங்க மூலை' என்று பொருள். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் 'சிங்க வாசல்' என்று ஒரு வாசல் இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த மூலை வீட்டால்தான் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

1632-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி பிறந்தார் லீவன்ஹூக். அப்பா கூடை முடைபவர். அவர் முடைந்த கூடைகளில்தான் டெல்ஃப்ட்டின் பீங்கான் சாமான்களும் மற்ற சரக்குகளும் ஊர் ஊராகப் போகும். லீவன்ஹூக்குக்கு ஐந்து வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பையன் வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டான். பிறகு கொஞ்ச நாள் மாமா வீட்டில் இருந்தான். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போய், ஒரு துணி வியாபாரியிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தான்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர் என்றால் லத்தீன் மொழி தெரிந்திருக்க வேண்டும். அறிவியல் புத்தகங்களில் பெரும்பாலானவை லத்தீனில்தான் இருந்தன. நம் லீவன்ஹூக்குக்கோ லத்தீன் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தெரிந்தது டச்சு மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1654-இல் சொந்த ஊருக்குத் திரும்பினார். பார்பரா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, துணிக்கடை திறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் டெல்ஃப்ட் நகரத்தின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, ஊரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லீவன்ஹூக் பிழைத்துக்கொண்டார். ஆனால் சோகம் வேறு வழியில் வீட்டுக்குள் வந்தது. அவருக்கும் பார்பராவுக்கும் ஐந்து குழந்தைகள் பிறந்தன. நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். தங்கியது மரியா என்ற பெண் ஒருத்திதான். 1666-இல் பார்பராவும் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் இது அதிசயம் இல்லை. காய்ச்சல் வரும், வயிற்றுப்போக்கு வரும், குழந்தை போய்விடும். ஏன் போனது என்று மருத்துவருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்பார்கள், உடம்பில் சூடு கூடிவிட்டது என்பார்கள். கிருமி என்று ஒன்று இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம் அது.

துணி வியாபாரிகள் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். துணியில் இழை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு அது உதவும். லீவன்ஹூக்குக்குக் கண்ணாடிமேல் ஆசை வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். கடை வருமானம் போக, 1660-இலேயே நகர மன்றத்தின் ஓர் அறையைப் பராமரிக்கும் பதவியும் அவருக்குக் கிடைத்திருந்தது. பின்னாளில் ஊருக்குள் வரும் ஒயின் பீப்பாய்களை அளக்கும் வேலையும் சேர்ந்தது. கஷ்டமில்லாத வருமானம், கையில் நிறைய நேரம். அந்த நேரத்தையெல்லாம் லென்சு செய்வதில் செலவழித்தார்.

(இடையில் ஒரு செய்தி. உலகப் புகழ் பெற்ற ஓவியர் வெர்மீரும் இதே டெல்ஃப்ட்காரர்தான். அவர் பிறந்ததும் அதே 1632-இல்தான்! வெர்மீர் கடனோடு இறந்தபோது, அவருடைய சொத்துக் கணக்கைப் பார்க்க 1676-இல் நகர மன்றம் நியமித்தது யாரை? நம் லீவன்ஹூக்கைத்தான்!)

லீவன்ஹூக் செய்த நுண்ணோக்கியை நீங்கள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருப்பதுபோல் உயரமாக, குழாய் வைத்து இருக்காது. விரல் நீளத்துக்கு இரண்டு உலோகத் தகடுகள். அவற்றின் நடுவே ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையில் கடுகைவிடப் பெரிதாக இல்லாத ஒரு லென்சு. தகட்டின் பின்னால் ஓர் ஊசி. பார்க்க வேண்டிய பொருளை ஊசி முனையில் வைத்து, திருகாணியைத் திருப்பிச் சரிசெய்து, கண்ணை ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று, பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது! அந்தக் காலத்தில் மற்றவர்களிடம் இருந்த பெரிய நுண்ணோக்கிகள் இதன் கிட்டேகூட வரவில்லை.

வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்த லென்சுகள் 500-க்கும் மேல். எப்படிச் செய்தார்? சொல்லவே மாட்டார். சிறந்த லென்சுகளை யாருக்கும் காட்டவும் மாட்டார். எனக்கு இந்த ஒரு குணம் மட்டும் அவரிடம் பிடிக்கவில்லை. சொல்லியிருந்தால் கிருமிகளைப் பற்றி உலகம் இன்னும் சீக்கிரமாகவே தெரிந்துகொண்டிருக்கும்.

டெல்ஃப்ட்டில் டி கிராஃப் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவர்தான் 1673-இல் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டிக்கு லீவன்ஹூக்கைப் பற்றி எழுதினார். ராயல் சொசைட்டி என்பது பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூடும் சங்கம். அன்றிலிருந்து லீவன்ஹூக் அவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். தேனீயின் கொடுக்கு, பேனின் கால், பூஞ்சைக்காளான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்து, பார்த்ததை எழுதினார். எல்லாம் டச்சு மொழியில்! லண்டனில் மொழிபெயர்த்துத்தான் படித்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் இப்படிச் சுமார் 190 கடிதங்கள் போயின. சில கடிதங்களோடு, தான் சீவிப் பார்த்த பொருட்களையும் பொட்டலம் கட்டி ஒட்டி அனுப்பினார். 1674-இல் அவர் அனுப்பிய பொட்டலங்கள், 1981-இல் ராயல் சொசைட்டியின் காகிதக் கட்டுகளுக்குள் அப்படியே கிடைத்தன!

1676-இல் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது? மிளகின் உடம்பில் நுண்ணிய முட்கள் இருந்து நாக்கைக் குத்துமோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சில வாரங்கள் ஆயின. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து லென்சில் பார்த்தார். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் சொட்டுக்குள் ஏதேதோ நீந்தின. சில மிக மிகச் சின்னவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் வருமே, ஏறக்குறைய அந்த அளவு! இன்று நாம் பாக்டீரியா என்று சொல்கிறோமே, அவற்றை மனிதக் கண் பார்த்தது அப்போதுதான். மிளகின் காரத்தைத் தேடப் போனவர் கையில் வேறொரு உலகமே கிடைத்துவிட்டது.

லண்டனில் இதை நம்பவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் இத்தனை உயிர்களா, துணிக்கடைக்காரர் கண்ணில் கோளாறா என்றார்கள். லீவன்ஹூக் சும்மா இருப்பாரா? ஊர்ப் பாதிரியார்கள் உள்பட எட்டுப் பெரிய மனிதர்களை அழைத்து, கண்ணால் பார்க்க வைத்து, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தாமே மிளகை ஊறவைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விடாமல் முயன்று, 1677 நவம்பரில் சங்கத்து உறுப்பினர்கள் முன்னால் அந்த உயிர்களைக் காட்டியே விட்டார். 1680-இல் லத்தீன் தெரியாத லீவன்ஹூக்கை ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக்கிக்கொண்டது. ஆனால் அவர் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை!

இப்போது பல் கதைக்கு வருவோம்.

1683-ஆம் ஆண்டு. லீவன்ஹூக்குக்கு ஏறக்குறைய 51 வயது. பற்களைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. தினமும் காலையில் உப்பு வைத்துத் தேய்ப்பார். சாப்பிட்டதும் பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்வார். துணியால் அழுத்தித் துடைப்பார். அந்த வயதில் அவ்வளவு சுத்தமான பல் ஊரில் அதிகம் பேருக்குக் கிடையாது என்பது அவர் நினைப்பு. அப்படியும், கண்ணாடியில் உற்றுப் பார்த்தபோது கடைவாய்ப் பற்களின் இடுக்கில் வெள்ளையாக, அரைத்த மாவுபோல ஏதோ ஒட்டியிருந்தது. கொஞ்சம் சுரண்டி, சுத்தமான மழைத்தண்ணீரில் கலந்து, லென்சில் வைத்தார்.

பார்த்தால், மாவு முழுக்க உயிர்க் கூட்டம்! ஒரு வகை, ஆற்று மீன்போல் விர்ரென்று பாய்ந்தது. இன்னொரு வகை பம்பரம்போல் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது வகை கொசுக் கூட்டம்போல் மொய்த்தது. எத்தனை என்று எண்ணவே முடியவில்லை. தம் வாய்க்குள் வாழும் உயிர்களின் தொகை ஹாலந்து நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார். அவற்றை வரைந்தும் அனுப்பினார். அச்சில் வந்த முதல் பாக்டீரியா படம் அதுதான். ஓர் உயிர் எந்த வழியாக நீந்திப் போனது என்பதைப் புள்ளிக்கோடு போட்டுக்கூடக் காட்டியிருந்தார்!

தம் வாயோடு நிறுத்தவில்லை. இரண்டு பெண்களின் பல்லிலிருந்தும், எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் பல்லிலிருந்தும் சுரண்டி எடுத்தார். பிறகு ஒரு முதியவரைப் பிடித்தார். அவர் பிறந்ததிலிருந்து பல்லே தேய்த்தது கிடையாதாம்! அந்த வாயிலிருந்து எடுத்ததைத் தண்ணீரில் விட்டபோது, தண்ணீரே உயிரோடு அசைவதுபோல் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதோடு திருப்தி அடைந்திருப்பார்கள். லீவன்ஹூக் அடுத்த கேள்விக்குப் போனார். இவற்றைக் கொல்ல முடியுமா?

வினிகரை எடுத்தார். ஊறுகாயில் ஊற்றுகிறோமே, அதே புளிப்புத் திரவம்தான். உயிர்கள் நீந்தும் சொட்டோடு வினிகரைக் கலந்தார். உடனே எல்லாம் செத்துப்போயின. சபாஷ்! அப்படியானால் வாயையே வினிகரால் கொப்பளித்துவிட்டால் போதுமே? கொப்பளித்தார். பற்களைக் கடித்துக்கொண்டு, இடுக்குகளில் எல்லாம் வினிகர் ஓடும்படி செய்தார். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுபடியும் பல் இடுக்கிலிருந்து மாவைச் சுரண்டிப் பார்த்தார்.

உயிர்கள் அப்படியே நீந்திக்கொண்டிருந்தன!

ஒரே வினிகர். ஒரே உயிர்கள். வெளியே எடுத்தால் சாகின்றன. பல்லில் ஒட்டியிருக்கும்போது சாகவில்லை. ஏன்? நீங்களே கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

லீவன்ஹூக் சரியாகவே கண்டுபிடித்தார். மாவின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டுமே வினிகர் பட்டுச் செத்தன, வினிகர் உள்ளே வரைக்கும் போகவில்லை என்று எழுதினார். இதோ பாருங்கள், கிருமியை எப்படிக் கொல்வது என்பதைவிட, கிருமி எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம் என்று காட்டும் சோதனை இது. அவருக்கே அதன் அருமை முழுதாகத் தெரிந்திருக்காது. உலகமும் அதை ஏறக்குறைய மறந்தே போயிற்று.

மறந்ததற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கிருமிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று லூயி பாஸ்டரும் ராபர்ட் கோச்சும் நிரூபித்தார்கள். அதன்பிறகு விஞ்ஞானிகள் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகப் பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் படித்தார்கள். அது நல்ல வழிதான். ஆனால் குடுவையில் கிருமிகள் சத்துள்ள திரவத்தில் ஜாலியாக மிதக்கும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். பிறகு வரிசையாக ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன. மருந்தைச் சோதித்ததும் பெரும்பாலும் இந்த மிதக்கும் கிருமிகள் மேல்தான். அதாவது, சொட்டில் நீந்திய உயிர்கள்மேல் வினிகர் ஊற்றிய கதை!

உண்மையில் பாக்டீரியாக்களுக்கு மிதப்பதைவிட ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் பிடிக்கும். 1970-களில் கனடா நாட்டில் பில் காஸ்டர்டன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் மலை ஓடைகளை ஆராய்ந்தார்கள். ஓடும் தண்ணீரில் பாக்டீரியா கொஞ்சம்தான் இருந்தது. ஓடையில் கிடந்த பாறைகளின் வழுக்குப் படலத்தில் அள்ள அள்ளக் கிடைத்தது! இந்தப் படலத்துக்குப் 'பயோபிலிம்' என்று பெயர். தமிழில் 'உயிரிப்படலம்' என்கிறார்கள். பூச்சாடித் தண்ணீரை நாலு நாள் மாற்றாமல் விட்டால் உள்ளே விரல் வழுக்குமே, அதுவும் இதுதான். உங்கள் பல்லில் இருப்பதும் இதுதான்.

அது எப்படி உருவாகிறது? பல்லையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படிகின்றன. சில பாக்டீரியாக்களுக்கு அந்தத் தோலைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். முதலில் பிடி லேசாக இருக்கும், எச்சில் அடித்துக்கொண்டு போய்விடலாம். தங்கிவிட்டவை பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். அதோடு ஒரு பசையையும் கக்கும். சர்க்கரைச் சத்தும் புரதமும் கலந்த பசை அது. சிமெண்டுக் கலவைக்குள் செங்கல் பதிந்திருப்பதுபோல் எல்லாம் பசைக்குள் பதிந்துகொள்ளும். பிறகு புதிய வகைகள் வந்து, முதலில் வந்தவற்றின் தோள்மேல் ஒட்டிக்கொள்ளும். மனித வாயில் ஏறத்தாழ 700 வகை பாக்டீரியாக்கள் வாழலாம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். எல்லாம் ஒருவர் வாயிலேயே இருக்காது, பயப்பட வேண்டாம்!

படலம் தடிமனாக ஆக, உள்ளே ஒரு நகரமே உருவாகிறது. சத்துத் தண்ணீர் ஓடுவதற்கு வாய்க்கால்கள்கூட உண்டு. பாக்டீரியாக்கள் ரசாயனப் பொருட்களை வெளியிட்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும். கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று அந்தச் சேதியை வைத்தே அவை தெரிந்துகொள்கின்றன. இடம் போதாவிட்டால் சில பிரிந்து போய், வேறு இடத்தில் புது வீடு கட்டும்.

இந்தக் கோட்டைக்குள் ஆன்டிபயாடிக் மருந்தை அனுப்பினால் என்ன ஆகும்? லீவன்ஹூக்கின் வினிகர் கதைதான். மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லத் தேவையான மருந்தைப்போல் சில சமயம் ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் படலத்துக்குள் இருப்பது சாவதில்லை! பசை சில மருந்துகளைத் தடுத்து மெதுவாக்குகிறது. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, பல மருந்துகள் பசையைத் தாண்டி உள்ளே போய்விடுகின்றன. போயும் கொல்ல முடிவதில்லை. அதுதான் விஞ்ஞானிகளைக் குழப்பியது.

விடை, படலத்தின் அடியில் இருக்கிறது. மேலே இருப்பவையே சாப்பாட்டையும் ஆக்சிஜனையும் தின்று தீர்த்துவிடும். அடியில் இருப்பவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அவை வளராமல், பெருகாமல், கும்பகர்ணன்போல் தூங்க ஆரம்பித்துவிடும். பென்சிலின் போன்ற மருந்து எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியா வளரும்போது தனக்குச் சுவர் கட்டுமே, அந்தச் சுவர் வேலையைக் கெடுத்துத்தான் கொல்கிறது. சுவரே கட்டாமல் தூங்குகிறவனை அது என்ன செய்யும்? மருந்து ஓய்ந்ததும் தூங்கியவை எழுந்து மறுபடி பெருகும். அயர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிக்கர் இப்படிப் பிழைத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு பாக்டீரியாக்களை 1944-லேயே கவனித்திருந்தார். பென்சிலின் மற்ற எல்லாவற்றையும் கொன்றும் சில தப்பின. தப்பியவற்றை எடுத்து மறுபடி வளர்த்தால், அவற்றின் பிள்ளைகள் அதே பென்சிலினுக்குச் செத்தன!

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். செய்தித்தாளில் 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்று படிக்கிறோமே, அது கிருமியின் மரபணுவே மாறிப்போவதால் வருவது. அதன் பிள்ளை குட்டிகளும் மருந்துக்கு அடங்காது. படலத்தின் கதை வேறு. படலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அதே மருந்துக்கு அது பெரும்பாலும் செத்துவிடும். லீவன்ஹூக் பார்த்ததும் அதைத்தானே? ஆனால் இரண்டுக்கும் உறவும் உண்டு. படலத்துக்குள் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்வதால், மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றிக்கொடுப்பது சுலபம்.

மருத்துவமனையில் இது பெரிய தலைவலி. செயற்கை இடுப்பு மூட்டு, செயற்கை இதய வால்வு, சிறுநீர்க் குழாய் இவற்றின்மேல் எல்லாம் படலம் படியலாம். நோயாளிக்குக் காய்ச்சல் வரும். மருந்து கொடுத்தால் தணியும், நிறுத்தினால் திரும்பவும் வரும். பல சமயம் பொருத்திய மூட்டையே வெளியே எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியிருக்கிறது. பல் மருத்துவர் மாத்திரையோடு விட்டுவிடாமல், கருவியை வைத்துக் கரகரவென்று சுரண்டுகிறாரே, அதற்கும் இதுதான் காரணம். கோட்டையை இடித்தால்தான் ஆகும். நீங்கள் பிரஷால் செய்வதும் அதே இடிப்பு வேலைதான்.

லீவன்ஹூக் பல்லை விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1692-இல் மறுபடியும் சோதித்தார். இந்தத் தடவை முன்பற்களில் எடுத்த மாவில் ஒரு உயிரைக்கூடக் காணோம்! எங்கே போயின? யோசித்தார். அந்த நாட்களில் அவர் காலையில் காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். சூடு முதலில் படுவது முன்பற்களில்தான். கடைவாய்ப் பற்களில் எடுத்துப் பார்த்தார். அங்கே பத்திரமாக நீந்திக்கொண்டிருந்தன. காபிச் சூடுதான் முன்வரிசையைக் கொன்றிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். (அதற்காக யாரும் கொதிக்கும் காபியை வாயில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். நாக்குத்தான் வெந்துபோகும்!)

அவர் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1698-இல் படகில் வந்து அவரை அழைத்தார். விலாங்கு மீன் வாலில் ரத்தம் ஓடுவதை லீவன்ஹூக் அவருக்கு லென்சில் காட்டினார். வாசலில் பார்வையாளர் கூட்டம் குறையவே இல்லை. அவருக்கு அது தொந்தரவாகத்தான் இருந்தது.

இவ்வளவு பார்த்தவர் ஒன்றை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. தாம் தினமும் லென்சில் ரசித்துக்கொண்டிருந்த உயிர்களின் உறவுக்காரர்கள்தான் மனிதருக்கு நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய நான்கு குழந்தைகள் எந்த நோயால் இறந்தார்கள் என்பது நமக்கும் தெரியாது. ஆனால் அன்றைய ஐரோப்பாவில் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோன நோய்களில் பல, கிருமிகளால் வந்தவைதான். அதை உலகம் தெரிந்துகொள்ள அவர் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று.

இரண்டாவது மனைவி கொர்னேலியாவும் 1694-இல் இறந்தபிறகு, மகள் மரியாதான் அப்பாவைக் கவனித்துக்கொண்டார். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. லீவன்ஹூக்குக்கு 90 வயது ஆயிற்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசை திடீர் திடீரென்று துடிக்கும் விசித்திரமான நோய் வந்தது. அதையும் விட்டாரா? தம் நோயைத் தாமே கவனித்து ராயல் சொசைட்டிக்கு எழுதினார்! இன்றும் மருத்துவர்கள் அந்த நோயை அவர் பெயரால் சொல்வதுண்டு. படுத்த படுக்கையிலும், இரண்டு கடிதங்களை லத்தீனில் மொழிபெயர்த்து லண்டனுக்கு அனுப்பும்படி ஒரு நண்பரைக் கேட்டுக்கொண்டார். 1723 ஆகஸ்ட் 26-ஆம் தேதி காலமானார். டெல்ஃப்ட் நகரத்துப் பழைய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பிறகு மரியா ஒரு பெட்டியை லண்டனுக்கு அனுப்பினார். அப்பா ராயல் சொசைட்டிக்காகத் தனியே எடுத்து வைத்திருந்த 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அதில் இருந்தன. அந்தப் பெட்டி 19-ஆம் நூற்றாண்டில் எங்கேயோ தொலைந்துவிட்டது! அவர் செய்த நூற்றுக்கணக்கான கருவிகளில் இன்று உலகத்தில் இருப்பவை சுமார் ஒரு டஜன்தான்.

அப்படியானால் லென்சு ரகசியம்? தகட்டைப் பிரித்தால் பழைய கருவி பாழாகிவிடும் என்று யாரும் கை வைக்கவில்லை. 2021-இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, பிரிக்காமலேயே உள்ளே பார்த்தார்கள். 270 மடங்கு காட்டும் அந்தக் கருவியில் இருந்தது, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிச் செய்த ஒரு குட்டி உருண்டை! அதைச் செய்யும் முறையை 1665-லேயே ஒருவர் தம் புத்தகத்தின் முன்னுரையில் வெளிப்படையாக எழுதியிருந்தார். அவர் யார் தெரியுமா? லண்டனில் மிளகு ஊறவைத்துப் பார்த்த அதே ராபர்ட் ஹூக்!